செடி வாடுகிறது, தடை எங்கே? நீரேற்றப் பிழைகளை அறிகுறி பார்த்துக் கண்டறியும் வழிமுறை

செடி தலை தொங்கியதைக் கண்டதும் கை தானாகப் பூவாளியைத் தேடுகிறது. சில வேளைகளில் அதுவே சரியான மருந்து. வேறு சில வேளைகளில், ஏற்கெனவே காற்றின்றித் திணறும் வேரின் மேல் இன்னும் ஒரு குடம் நீரைக் கொட்டியதாக அது முடிகிறது. இலைக்கு வந்து சேரும் நீரைவிட இலையை விட்டு வெளியேறும் நீர் மிகுந்துவிட்டது என்ற ஒரே செய்தியைத்தான் வாடல் தெரிவிக்கிறது. வரவு குறைந்ததா, செலவு கூடியதா, வரவு குறைந்திருந்தால் தடை மண்ணிலா, வேரிலா, தண்டிலா என்பதையெல்லாம் நாம்தான் தேடிக் கண்டறிய வேண்டும். தொட்டிச் செடிக்கும் தோட்டப் பயிருக்கும் மரத்துக்கும் இந்தத் தேடல் ஒன்றேதான், விடைதான் வேறுபடும்.

நலமான செடியில் நீர் ஏறும் முறை

பிழையைத் தேடுமுன் இயல்பான இயக்கத்தைத் தெரிந்திருக்க வேண்டும். செடிக்குள் நீரைக் கீழிருந்து தள்ளும் பம்பு எதுவும் இல்லை. நீர் மேலிருந்து இழுக்கப்படுகிறது. இலைத்துளைகளின் வழியே நீராவி வெளியேறும்போது, இலையின் உட்புறச் செல்சுவர்களில் படிந்திருக்கும் நீர்ப்படலம் சுவரின் நுண்ணிய இடுக்குகளுக்குள் பின்வாங்கி வளைகிறது; அந்த வளைவில் உண்டாகும் பரப்பு இழுவிசை தனக்குப் பின்னால் உள்ள நீரைத் தன்பக்கம் இழுக்கிறது. நீர் மூலக்கூறுகள் ஒன்றையொன்று விடாமல் பற்றியிருப்பதால், இந்த இழுவை இலை நரம்பு, காம்பு, தண்டு, வேர் என நீரைக் கடத்தும் சைலக் குழாய்கள் நெடுகக் கீழிறங்கி, வேர்த்தூவியைச் சூழ்ந்த மண்ணின் ஈரம்வரை எட்டுகிறது. கிணற்றுக் கயிற்றை மேலே நின்று இழுப்பவரின் கைவிசை அடியில் கிடக்கும் வாளிவரை சென்று சேர்வதைப் போன்றதே இது. டப்ளினைச் சேர்ந்த ஹென்றி டிக்சனும் ஜான் ஜோலியும் 1894-இல் முன்வைத்த இந்த விளக்கம், சில திருத்தங்களுடன் இன்றும் நிலைத்து நிற்கிறது.

மற்ற விளக்கங்கள் ஏன் போதவில்லை என்பதை எண்களே காட்டிவிடும். 50 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குழாயில் நுண்புழை ஏற்றத்தால் மட்டும் நீர் ஏறத்தாழ 60 சென்டிமீட்டர்தான் உயரும். வளிமண்டல அழுத்தத்தை முழுமையாகப் பயன்படுத்தினாலும் நீர்த்தம்பம் 10.3 மீட்டருக்கு மேல் நிற்காது. வேர் அழுத்தம் என்ற தள்ளுவிசை உண்மையில் இருக்கிறது. ஆனால் அது பொதுவாக 0.1 அல்லது 0.2 மெகாபாஸ்கலை (அழுத்தத்தின் அலகு; 0.1 என்பது ஏறத்தாழ ஒரு வளிமண்டல அழுத்தம்) தாண்டுவதில்லை, பகலில் நீராவிப்போக்கு மிகும்போது காணாமலே போய்விடுகிறது. கலிபோர்னியாவின் செம்மரங்களிலோ (ரெட்வுட்) நீர் 115 மீட்டருக்கும் மேலே ஏறுகிறது. தண்டின் உயிருள்ள செல்கள் நீரைக் கைமாற்றிக் கைமாற்றி மேலேற்றுகின்றன என்ற கருத்தை எடுவார்ட் ஸ்ட்ராஸ்பர்கர் 1891-இல் வெளியிட்ட சோதனைகள் பலவீனப்படுத்தின. உயரமான மரங்களின் அடியை அறுத்து நச்சுக் கரைசலில் நிறுத்தித் தண்டின் செல்களைக் கொன்ற பிறகும், கரைசல் தண்டு நெடுக ஏறிக்கொண்டுதான் இருந்தது.

நீர் எந்தப் பக்கம் நகரும் என்பதைக் காட்டும் அளவு அதன் உள்ளார்ந்த திறன், சுருக்கமாக நீர்த்திறன்; அது எவ்வளவு கீழிறங்குகிறதோ அவ்வளவு வலுவாக நீர் அப்பக்கம் இழுபடும். ஈரமான மண்ணில் அது மைனஸ் 0.03 மெகாபாஸ்கல் அளவில் இருக்கும். நண்பகலில் பல பயிர்களின் இலையில் அது மைனஸ் 1 முதல் மைனஸ் 1.5 வரை இறங்கும். பாதி ஈரப்பதமுள்ள காற்றிலோ மைனஸ் 90-க்கும் கீழே கிடக்கும். மிகுதியிலிருந்து குறைவுக்கு நீர் செல்கிறது, அவ்வளவுதான். செடி உறிஞ்சும் நீரில் 95 விழுக்காட்டுக்கும் மேல் இப்படியே காற்றில் கலந்துவிடுகிறது.

இந்த அமைப்பு எந்த இடங்களில் பழுதாகும் என்பதும் இதிலிருந்தே புலப்படும். நீர்த்தம்பம் எப்போதும் இழுவையில் இருப்பதால், குழாய்க்குள் காற்று நுழைந்தால் அது அறுந்துபோகும். வேரின் அகத்தோலில் கேஸ்பேரியன் பட்டை என்னும் நீர்புகா வளையம் செல்லிடை வழியை அடைத்திருப்பதால், அங்கு மட்டும் நீர் உயிருள்ள சவ்வைக் கடந்தே ஆக வேண்டும். ஆகவே உயிர்வளி (ஆக்சிஜன்), வெப்பநிலை, உப்பு ஆகிய மூன்றும் வேரில்தான் செல்லுபடியாகின்றன. தண்டில் ஏற்படும் பிழைகள் குழாய் அடைபடுவது, அறுபடுவது என்ற அளவில் நின்றுவிடும். என் மதிப்பீட்டில், வாடும் செடிகளின் கதை பெரும்பாலும் மண்மட்டத்துக்குக் கீழேயே எழுதப்பட்டிருக்கிறது. நாம் இலையையே பார்த்துக்கொண்டிருக்கிறோம்.

பூவாளியைத் தொடுமுன்

செடியை விடியற்காலையில் ஒருமுறை பார்க்க வேண்டும். இரவில் இலைத்துளைகள் மூடியிருப்பதால் நீர்ச்செலவு ஏறக்குறைய நின்று, விடிவதற்குள் செடியின் நீர்நிலையும் வேர்ப்பகுதி மண்ணின் நீர்நிலையும் சமநிலைக்கு அருகில் வந்துவிடுகின்றன. ஆய்வாளர்கள் அழுத்தக் கலத்தைக் கொண்டு இலையின் நீர்த்திறனை அளக்கும்போது விடியலுக்கு முந்தைய அளவீட்டுக்குத் தனி மதிப்புக் கொடுப்பது இதனால்தான். கருவி இல்லாதவருக்குக் கண்ணே போதும்: விடியலில் நிமிர்ந்து நிற்கும் செடிக்கும், விடியலிலும் துவண்டே கிடக்கும் செடிக்கும் உள்ள வேறுபாடு நோயறிதலில் பாதி.

அடுத்தது மண். மேல்மண்ணைத் தொட்டுப் பார்ப்பது போதாது. விரலை இரண்டாம் கணுவரை செலுத்தியோ, ஒரு மெல்லிய குச்சியை அடிவரை குத்தி எடுத்தோ பார்க்க வேண்டும். தொட்டி என்றால், தூக்கிப் பார்த்து எடையை உணர்வது எந்தக் கருவியையும்விட நம்பகமானது. பிறகு, வாடியது முழுச் செடியா, ஒரு பக்கமா, ஒரு கிளையா, கீழ் இலைகளா, உச்சியா என்று குறித்துக்கொள்ள வேண்டும். இவற்றை அறிந்த பிறகு, கீழுள்ள அறிகுறிகளில் பொருந்துவதற்குச் செல்லலாம்.

அறிகுறி: நண்பகலில் துவள்கிறது, மாலையில் நிமிர்கிறது

மண் ஈரமாக இருந்தும் அகன்ற இலைச் செடிகள், குறிப்பாகப் பூசணி வகைகள், கடும் வெயிலில் குடை மடக்கியது போலத் தொங்கும். வேரும் தண்டும் தரக்கூடிய நீரைவிட இலை இழக்கும் நீர் சில மணி நேரத்துக்கு மிகுந்துவிடுகிறது. வெயில் தாழ்ந்ததும் கணக்கு நேராகிவிடுகிறது. இது தற்காலிக வாடல். பழுது எனக் கொள்ள வேண்டியதில்லை. இலை தொங்குவதால் அதன்மேல் விழும் ஒளி குறைகிறது, இலைத்துளைகள் ஓரளவு மூடிக்கொள்கின்றன, இழப்பும் தணிகிறது. ஆனால் இலைத்துளை மூடினால் கரியமில வாயுவும் உள்ளே வராது. எனவே இது நாள்தோறும் நெடுநேரம் நீடித்தால் விளைச்சல் குறையும்; அந்நிலையில் மூடாக்கு இட்டு மண்ணைக் குளிர்விப்பதும் பிற்பகலில் சிறிது நிழல் தருவதும் பயன்படும். நாளுக்கு நாள் துவளும் நேரம் முன்னதாகவும் நிமிரும் நேரம் பின்னதாகவும் நகர்ந்தால், அது தற்காலிக வாடல் என்ற வரம்பைக் கடந்துவிட்டது. மற்ற அறிகுறிகளைச் சோதிக்க வேண்டும்.

அறிகுறி: விடியலிலும் துவண்டிருக்கிறது, மண் உலர்ந்திருக்கிறது

இதற்கு மருந்து நீர்தான். மண் உலர உலர எஞ்சிய நீர் மேலும் நுண்ணிய இடுக்குகளில் இறுகப் பிடிபட்டுக் கிடக்கும். மண்ணின் நீர்த்திறன் மைனஸ் 1.5 மெகாபாஸ்கல் அளவுக்கு இறங்கும்போது பெரும்பாலான பயிர்களால் அதைப் பறிக்க முடிவதில்லை. நிரந்தர வாடல் நிலை என்பது இதுவே. எல்லாச் செடிகளுக்கும் இந்த எண் ஒன்றல்ல. வறட்சிக்குப் பழகியவை இதற்கும் கீழே இழுக்கும்.

இங்கே ஒரு பொறி உண்டு. தென்னைநார்க்கழிவு, கரி, மட்கிய தழை போன்றவை மிகுந்த தொட்டிக் கலவை ஒருமுறை முற்றிலும் காய்ந்துவிட்டால், நீரை ஏற்க மறுக்கும். ஊற்றிய நீர் கலவைக்கும் தொட்டிச் சுவருக்கும் இடையே உண்டான வெடிப்பின் வழியாக விறுவிறுவென இறங்கி அடித்துளையில் வெளியேறும். ஊற்றியவர் நிறைய நீர் விட்டதாக நினைத்துக்கொள்வார், நடுவேர்ப்பந்து தூள் தூளாக உலர்ந்தே இருக்கும். நீர் விட்டவுடன் அடியில் கொட்டிவிட்டதா, தூக்கினால் தொட்டி இன்னும் இலேசாக இருக்கிறதா என்று பாருங்கள். அப்படியானால் தொட்டியை அகன்ற பாத்திரத்து நீரில் பாதி உயரம்வரை அமிழ்த்தி வைத்து, மேற்பரப்பு கருத்து ஈரமாகும்வரை காத்திருக்க வேண்டும்.

நீர் கிடைத்த பிறகும் செடி உடனே நிமிராமல் இருக்கலாம். கடும் வறட்சியில் சில சைலக் குழாய்களில் நீர்த்தம்பம் அறுந்து, அங்கே ஆவியும் பிறகு காற்றும் நிரம்பிவிடுகின்றன. இப்படித் தம்பம் அறுபடும்போது எழும் நுண்ணிய அதிர்வுகளை ஆமணக்கு இலையில் ஒலியாகவே பதிவு செய்த ஆய்வு 1966-இல் வெளியானது. தாகத்தால் செடி சொடுக்குப் போடுகிறது என்று சொன்னால் மிகையாகாது. பக்கத்துக் குழாய்களுக்கு இடையே உள்ள குழிச்சவ்வுகள் குமிழி பரவாமல் தடுப்பதால், நீர் சுற்றுவழியில் சென்றுகொண்டிருக்கும். சிறு செடிகளில் இரவில் எழும் வேர் அழுத்தம் காற்றடைத்த குழாய்களை மீண்டும் நிரப்புவதுண்டு. ஆகையால் ஓர் இரவு முழுவதும் அவகாசம் கொடுத்துவிட்டு முடிவெடுப்பது நல்லது.

அறிகுறி: மண் ஈரமாக இருக்கிறது, செடி வாடுகிறது

அதிகமான செடிகள் தவறான சிகிச்சையால் சாவது இங்கேதான். வாடலைப் பார்த்து நீர், நீரால் மேலும் வாடல், அதைப் பார்த்து மேலும் நீர் என்று சுழல் தொடங்கிவிடுகிறது. நீர் விடுவதை நிறுத்திவிட்டு, செடியைத் தொட்டியோடு சாய்த்து வேர்ப்பந்தை வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். நிலத்தில் நிற்கும் செடி என்றால் ஒரு பக்கம் மண்ணை விலக்கிச் சில வேர்களைப் பார்த்தால் போதும்.

நலமான இளவேர் வெண்மையாகவோ பாலேட்டு நிறத்திலோ, இழுத்தால் உறுதியாகவும் இருக்கும். அழுகிய வேர் பழுப்பாகிக் குழகுழவென்றிருக்கும்; இரு விரல்களுக்கிடையே பிடித்து இழுத்தால் புறணி உறைபோலக் கழன்று வந்து, நடுவில் நூல் போன்ற கடத்துத்திசு மட்டும் எஞ்சும். சாக்கடை போன்ற நாற்றமும் கூடவே வரும். இந்த உறை கழலுவதைக் கண்டால் பித்தியம், பைட்டோப்தொரா போன்ற வேரழுகல் உயிரிகளையே முதலில் ஐயப்பட வேண்டும். அழுகிய வேர்களை வெட்டி நீக்கி, வடிகால் நன்கு அமைந்த புதுக்கலவையில் மாற்றி நட்டு, வேர் குறைந்த அளவுக்கு இலைகளையும் குறைத்து நிழலில் வைக்கலாம். முக்கால் பங்கு வேர் போய்விட்ட செடிக்கு அதனிடமிருந்து தண்டுத் துண்டு எடுத்து நட்டு வேர்விடச் செய்வதே நேர்மையான ஆலோசனை.

வேர் இன்னும் வெள்ளையாகவே இருக்கிறது, ஆனால் மண் நீரில் ஊறிக் கிடக்கிறது என்றால், தடை உயிர்வளிப் பற்றாக்குறை. காற்றில் பரவுவதைவிட நீரில் உயிர்வளி ஏறத்தாழ 10,000 மடங்கு மெதுவாகப் பரவுகிறது. மண் இடுக்குகள் நீரால் நிறைந்துவிட்டால் வேர் மூச்சுவிட வழியில்லை. உயிர்வளி குன்றிய வேர்ச்செல்களின் உட்சாறு அமிலத்தன்மை அடைகிறது; அதனால் சவ்வில் நீர் நுழையும் வாயில்களான அக்வாபோரின் புரதங்கள் மூடிக்கொள்கின்றன. இப்புரதங்கள் நீர்க்கால்வாய்களாகச் செயல்படுவதை 1992-இல் காட்டிய பீட்டர் ஆக்ருக்கு 2003-ஆம் ஆண்டின் வேதியியல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. சுற்றிலும் நீர் நிற்க, வேர் கதவைச் சாத்திக்கொண்டு தாகத்தில் வாடுவது இப்படித்தான்.

தக்காளியில் இந்நிலையை இன்னொரு வகையிலும் அடையாளம் காணலாம். நீர் தேங்கிய சில மணி நேரங்களில் இலைக்காம்புகள் கீழ்நோக்கி வளையும். ஆனால் இலையைக் கிள்ளிப் பார்த்தால் அது விறைப்பாகவே இருக்கும். உயிர்வளியற்ற வேரில் சேரும், எத்திலீன் என்னும் வாயு ஹார்மோனின் முன்னோடிச் சேர்மம் சைல நீரோடு மேலேறி, உயிர்வளி கிடைக்கும் தண்டுப் பகுதியில் எத்திலீனாக மாறி, காம்பின் மேற்புறத்தை மிகுதியாக வளரச் செய்வதால் உண்டாகும் வளைவு அது. துவண்ட இலைக்கும் வளைந்த காம்புக்கும் வேறுபாடு தெரிந்தால் ஒரு நாள் முன்னதாகவே பிழையைப் பிடித்துவிடலாம். மருந்து: தேங்கிய நீரை வடிப்பது, தொட்டியின் அடித்தட்டை நீக்குவது, அடித்துளை அடைபட்டிருந்தால் திறப்பது, வேர்ப்பந்தை உறிஞ்சும் தாளில் சில மணி நேரம் சுற்றி வைப்பது. உரம் மட்டும் கூடாது.

மண் குளிர்ந்திருப்பதாலும் ஈரமண்ணில் வாடல் நேரும். 25 பாகை செல்சியசில் இருப்பதைவிட 5 பாகையில் நீரின் பிசுப்புத்தன்மை ஏறத்தாழ 1.7 மடங்கு; கூடவே வேர்ச்சவ்வின் ஊடுருவுதிறனும் இறங்குகிறது. மேலே வெயிலும் கீழே குளிர்ந்த மண்ணுமாக இருக்கும் காலையில், வெப்பப் பகுதிச் செடிகள் துவள்வது இதனால். குளிர்ந்த நீரை ஊற்றுவதைத் தவிர்த்து, மண் சூடேறும்வரை இலையை வெயிலிலிருந்து மறைத்தால் சரியாகிவிடும்.

எஞ்சியது உப்பு. தொட்டி விளிம்பிலும் மண்மேலும் வெண்படலம் படிந்திருந்தால், அல்லது உரமிட்ட ஓரிரு நாள்களில் இலை ஓரங்கள் கருகி வாடல் தொடங்கினால், மண்ணில் நீர் இருந்தும் கரைந்த உப்புகள் அதன் திறனைக் கீழே இழுத்துவிட்டன என்று பொருள். கடல்நீரின் திறன் மைனஸ் 2.5 மெகாபாஸ்கல் அளவு, மைனஸ் 1.5 வரை மட்டுமே இழுக்கும் செடிக்கு அது நீரே அன்று. அலையாத்தி மரங்கள் அதையும் விஞ்சி இழுக்கின்றன என்பதைப் பெர் ஸ்காலண்டர் குழுவினர் அழுத்தக் கலத்தால் அளந்து 1965-இல் வெளியிட்டனர். சாதாரணச் செடிக்கு ஒரே வழி, தொட்டியின் கொள்ளளவைப்போலச் சில மடங்கு நன்னீரை மெதுவாக ஊற்றி உப்பை அடித்துளை வழியே கழுவி வெளியேற்றுவது. ஈரமண்ணில் வாடும் செடிக்கு மேலும் நீர் ஊற்றுவது சரியாக இருக்கும் இடம் இது ஒன்றே.

அறிகுறி: மண்ணும் வேரும் நலம், ஆயினும் நாளுக்கு நாள் வாடல் முற்றுகிறது

தண்டுக் குழாய்களைச் சோதிக்க வேண்டும். மண்மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைச் சாய்வாக வெட்டிப் பார்த்தால், பட்டைக்கு உட்புறம் உள்ள சைலம் வெளிர்பச்சையாகவோ வெண்மையாகவோ இருக்க வேண்டும். அங்கே பழுப்பு வளையமோ பழுப்புக் கோடுகளோ தெரிந்தால் பியூசேரியம் அல்லது வெர்ட்டிசிலியம் பூஞ்சை வாடலாக இருக்கலாம். அப்போது கீழ் இலைகள் மஞ்சளாகி, பெரும்பாலும் ஒரு பக்கத்திலிருந்து தொடங்கி, வாடல் மேலே பரவியிருக்கும்.

இலைகள் மஞ்சளாகாமல் பச்சையாகவே திடீரென்று துவண்டால், ரால்ஸ்டோனியா என்னும் பாக்டீரியாவை ஐயப்பட வேண்டும். அதற்கான சோதனை எளிது. தெளிந்த நீர் நிறைந்த கண்ணாடிக் குவளையில், புதிதாக வெட்டிய தண்டுத் துண்டின் வெட்டுமுனை மட்டும் நீரில் மூழ்குமாறு அசையாமல் தொங்கவிடுங்கள். சில நிமிடங்களில் வெட்டுமுனையிலிருந்து பால்போன்ற வெண்ணிற இழைகள் கீழ்நோக்கி வழிந்தால், அவை சைலத்தை அடைத்திருந்த பாக்டீரியாக் கூட்டங்கள். பின்புலமாகக் கறுப்புத் துணியை வைத்தால் தெளிவாகத் தெரியும்.

இந்த நோய்களில் நோயுயிரி அடைப்பதோடு, செடி தானே தன் குழாய்களுக்குள் கோந்தையும் டைலோஸ் என்னும் பலூன் போன்ற புடைப்புகளையும் உண்டாக்கிப் பரவலைத் தடுக்க முயல்கிறது; அம்முயற்சியே நீரையும் தடுத்துவிடுகிறது. குழாய் அடைபட்ட செடியை மீட்க வழியில்லை. வேரோடு பிடுங்கி அகற்றி, வெட்டிய கருவியைத் தூய்மை செய்து, அவ்விடத்தில் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளைக்கிழங்கு ஆகிய ஒரே குடும்பத்துப் பயிர்களைத் தொடர்ந்து நடாமல் இருப்பதும், எதிர்ப்புத்திறனுள்ள வேர்ச்செடியில் ஒட்டுக்கட்டிய நாற்றுகளைத் தேர்வதுமே தீர்வு. மருந்துக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருப்பது மனநிறைவுக்கு மட்டும் உதவும்.

அறிகுறி: ஒரே ஒரு கிளை வாடுகிறது

மண்ணும் வேரும் பொதுவானவை என்பதால், தடை அந்தக் கிளைக்குள்தான். கிளை பிரியும் கவையில் வெடிப்பு, தண்டுத்துளைப்பான் குடைந்த ஓட்டையும் அதன் வாயில் தூளும், எப்போதோ கட்டி மறந்த கம்பி இறுகிப் பதிந்த தடம் ஆகியவற்றைத் தேடினால் பெரும்பாலும் காரணம் அகப்படும். சில இனங்களில் ஒரு பக்கத்து வேர் அதே பக்கத்துக் கிளைக்கே நீர் தருவதால், ஒரு பக்க வேர் வெட்டுப்பட்டிருந்தாலும் இந்தத் தோற்றம் வரும்.

தண்டைச் சுற்றிப் பட்டை உரிந்துபோன கிளை மட்டும் ஏமாற்றும்: இலைகள் வாரக்கணக்கில் பச்சையாகவே இருக்கும். பட்டையோடு போவது உணவைக் கடத்தும் புளோயம். நீரேறும் சைலம் உள்ளே கட்டையில் இருக்கிறது. சேதம் பின்னர் வேரின் பட்டினியாக வெளிப்படும்.

அறிகுறி: மாற்றி நட்டபின் துவள்கிறது

நாற்றைப் பிடுங்கும்போது பெரிய வேர்கள் தப்பினாலும், மண்துகள்களோடு ஒட்டி நீரைப் பெறும் வேர்த்தூவிகளும் வேர்நுனிகளும் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடுகின்றன. இலைப்பரப்போ முன்போலவே இருக்கிறது. புதிய வேர்நுனிகள் முளைக்கும்வரை செலவைக் குறைப்பதுதான் ஒரே உபாயம்: மாலையில் நடுதல், சில நாள் நிழல், இலைகள் சிலவற்றை நீக்குதல், சிறு செடியானால் ஒளிபுகும் உறையால் மூடிக் காற்றின் ஈரப்பதத்தைக் கூட்டுதல். நட்டவுடன் வேரைச் சுற்றி மண்ணை மெதுவாக அழுத்தி நீர் விட வேண்டும். வேருக்கும் மண்ணுக்கும் இடையே காற்றிடைவெளி இருந்தால் நீர் தாவி வராது. இக்காலத்தில் நீர் மிகுந்தால் முன்சொன்ன உயிர்வளிச் சிக்கலும் சேர்ந்துகொள்ளும்.

அறிகுறி: கொய்த மலர் நீரில் நின்றும் தலை கவிழ்கிறது

தண்டை வெட்டிய நொடியில், இழுவையில் இருந்த நீர்த்தம்பம் வெட்டுவாயிலிருந்து உள்ளே பின்வாங்கி, காற்று நுழைந்துவிடுகிறது. பிறகு சாடியில் நிறுத்தினால் அக்காற்றே அடைப்பாகிறது. தண்டின் அடியில் இரண்டு, மூன்று சென்டிமீட்டரை நீருக்குள் வைத்தே கூர்மையான கத்தியால் வெட்டிவிட்டால், அடைபட்ட பகுதி பெருமளவு நீங்கும். மழுங்கிய கத்தரி குழாய்களை நசுக்கிவிடும். ஓரிரு நாள் கழித்து வரும் கவிழ்ப்புக்குப் பெரும்பாலும் சாடி நீரில் பெருகிய பாக்டீரியாக்கள் காரணம். நீரில் மூழ்கும் இலைகளை நீக்கி, சாடியைத் தேய்த்துக் கழுவி, நீரை மாற்ற வேண்டும். ரோஜாவின் கழுத்து ஒடிந்தாற்போல வளைந்திருந்தால், அடியை நீருக்குள் மறுபடியும் வெட்டி, தண்டைத் தாளில் நேராகச் சுற்றி, ஆழமான நீரில் சில மணி நேரம் நிறுத்தினால் பல சமயம் நிமிர்ந்துவிடும்.

நீர் ஏறுகிறதா என்ற ஐயம் இருந்தால், தண்டு ஒளி ஊடுருவும் காசித்தும்பையைச் சிவப்புச் சாயம் கலந்த நீரில் நிறுத்திப் பாருங்கள். சற்று நேரத்தில் தண்டுக்குள் செங்கோடுகள் மேலேறுவது வெளியிலிருந்தே தெரியும். குறுக்கே வெட்டினால் சாயம் சைலக் கற்றைகளில் மட்டும் புள்ளி புள்ளியாக நிற்கும். ஐயத்துக்குரிய தண்டையும் அதே இனத்தின் நலமான தண்டையும் அருகருகே நிறுத்தி ஒப்பிட்டால், அடைப்பு எந்த உயரத்தில் என்பதையும் சொல்லிவிடலாம்.

அறிகுறி: காலையில் இலை விளிம்புகளில் நீர்த்துளிகள்

இது பிழையே இல்லை. இரவில் நீராவிப்போக்கு ஓய்ந்திருக்க, வேர் தொடர்ந்து உப்புகளை உள்ளே இழுத்துக்கொண்டிருப்பதால் உண்டாகும் வேர் அழுத்தம், விளிம்பில் உள்ள நீர்த்துளைகள் வழியே சாற்றைத் துளித்துளியாக வெளித்தள்ளுகிறது. பனித்துளி இலைப்பரப்பு முழுவதும் படியும். இத்துளிகள் நரம்பு முனைகளில் மட்டும் வரிசையாக நிற்கும். உலர்ந்தபின் வெண்பொடி எஞ்சினால் மண்ணில் உரம் சற்று மிகுதி என்று கொள்ளலாம்.

அறிகுறி: செடி வாடவில்லை, ஆனால் இளந்தளிர் ஓரமோ பழத்தின் அடியோ கருகுகிறது

தக்காளியின் நுனியழுகலும் லெட்டூசின் உட்குருத்துக் கருகலும் பூச்சிமருந்தால் தீராதவை. சுண்ணச்சத்து (கால்சியம்) ஏறக்குறைய முழுவதும் சைல நீரோடுதான் பயணிக்கிறது. புளோயம் வழியே மறுபங்கீடு மிக அரிது. ஆகவே அதிகம் நீராவி விடும் முதிர்ந்த இலைகளுக்கே அது மிகுதியாகப் போய்ச் சேர்கிறது. நீராவிப்போக்கு குறைந்த பழமும் மூடிய குருத்தும் பட்டினி கிடக்கின்றன. மண்ணில் சுண்ணச்சத்து போதுமானதாக இருந்தும், ஒரு நாள் வறட்சி ஒரு நாள் வெள்ளம் என்று நீர் விட்டால் இது நேரும். சீரான ஈரம், மிதமான தழைச்சத்து, மூடிய கூடாரமானால் காற்றோட்டம் ஆகியவற்றைச் சரிசெய்யுங்கள். கருகிய பழம் திரும்பாது. அடுத்த கொத்தில்தான் பலனைக் காண முடியும்.

அறிகுறி: உயர்ந்த மரத்தின் உச்சி மட்டும் காய்கிறது

ஒவ்வொரு மீட்டர் உயரத்துக்கும் புவியீர்ப்பை எதிர்க்கவே 0.01 மெகாபாஸ்கல் இழுவை தேவை. குழாய்களின் உராய்வுக்கு ஏறக்குறைய அதே அளவு கூடுதலாக வேண்டும். எனவே வரவு எங்கே குறைந்தாலும் முதலில் விட்டுப்போவது உச்சி. நோயை உச்சியில் தேடுவதற்கு முன், கடந்த ஓரிரு ஆண்டுகளில் மரத்தடியில் பள்ளம் தோண்டி வேர்கள் அறுபட்டனவா, வண்டிகள் ஓடி மண் இறுகியதா, அடிமரத்தைச் சுற்றி மண் கொட்டி உயர்த்தப்பட்டதா என்று விசாரிக்க வேண்டும். கிளைப்பரப்பின் வெளிவிளிம்புவரை மண்ணை மெதுவாக, ஆழமாக நனைத்து, இறுகிய இடங்களைக் கிளறித் தழை மூடாக்கு இடுவது முதல் சிகிச்சை. அடிமரத்தை ஒட்டி மட்டும் நீர் ஊற்றுவதால் பலன் குறைவு, உறிஞ்சும் இளவேர்கள் பெரும்பாலும் தள்ளியே இருக்கின்றன. காய்ந்ததாகத் தோன்றும் கிளையின் பட்டையை நகத்தால் சுரண்டிப் பார்த்து, உள்ளே பச்சை தெரிந்தால் அடுத்த தளிர்ப்பருவம்வரை ரம்பத்தை எடுக்க வேண்டாம்.